ஐம்பதாவது கொடி

"பேனாவைத் தட்டுல போட்டுட்டு உள்ள வாங்க" என்றார் காப்பாளர்.

துப்பாக்கியைக் கேட்கிறவர் குரல் போல இருந்தது அது. மைத்துனன் தன் மூடி தொலைந்த பால்பாயின்ட் பேனாவை எடுத்துக் கதவோரத் தட்டில் வைத்தான். அங்கே ஏற்கெனவே ஒரு பேனா படுத்திருந்தது. கறுப்பு உடம்பு, வெள்ளி மூடி, கட்டைவிரல் தடிமன். அதற்குப் பக்கத்தில் தன்னுடையதைப் பார்க்க அவனுக்கே பாவமாக இருந்தது.

"உள்ள பென்சில் மட்டும்தான். ஒரு சொட்டு மை விழுந்தா நூறு வருஷத்துச் செடி போச்சு. கையில என்ன அது?"

"கடலை சார்."

"தின்பண்டம் கூடவே கூடாது. பூச்சி வந்துடும்."

மிச்சக் கடலையை ஒரே வாயாகக் கொட்டிக்கொண்டு, காலிப் பொட்டலத்தைப் பிரித்துப் படித்தபடியே மைத்துனன் உள்ளே போனான். கடலை மடித்த காகிதத்தைப் படிக்காமல் எறிந்தால் அவனுக்கு அன்றைக்குத் தூக்கம் பிடிக்காது. பாதிக் கதையோ, கால்வாசி விளம்பரமோ, முன்பின் தெரியாதவருக்கு யாரோ போட்ட இரங்கலோ, எதுவானாலும் சரி.

"குப்பையைக்கூட விடமாட்டியா மாப்ளே?" என்றார் துப்பறிவாளர். ஊருக்குத்தான் அவர் துப்பறிவாளர். இவனுக்கு அக்கா புருஷன், அதாவது அத்தான். இருபது வருடம் காப்பீட்டுக் கம்பெனியில் எரிந்த கடைகளையும் எரிந்ததாகச் சொல்லப்பட்ட கடைகளையும் பார்த்துச் சலித்தவர். யார் எதைச் சொன்னாலும் பாதிதான் நம்புவார். அக்கா சமையலுக்கு உப்புச் சரியாக இருக்கிறது என்று சொன்னாலும் அப்படித்தான்.

அது உலர்ந்த செடிகளைச் சேர்த்து வைக்கும் காப்பகம். ஆள் உயர இரும்பு அலமாரிகள் வரிசை வரிசையாக நின்றன. குளிரும் பூச்சியுருண்டை வாசனையுமாக மூக்கு உறைந்தது. காப்பாளர் இடுப்புச் சாவிக்கொத்திலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஓர் அலமாரியைத் திறந்தார். சிவப்பு உறை ஒன்றை இரண்டு கைகளாலும் தட்டு ஏந்துவதுபோல் ஏந்தி வந்து மேசையில் வைத்தார். உள்ளே தடித்த வெள்ளைத் தாள். அதில் நூலால் தைத்து ஒட்டிய காய்ந்த கொடி, பழுப்பேறிய பூங்கொத்து, பாதியாக நறுக்கி ஒட்டிய ஒரு காய். கீழ் மூலையில் பறித்த இடமும் தேதியும் எழுதிய சீட்டு, மேல் மூலையில் சின்னக் காகிதப் பொட்டலம்.

மைத்துனன் ஆவலாகத் தாளைப் புரட்டப் போனான்.

"ஐயோ! புத்தகம் மாதிரி புரட்டாதீங்க. கொட்டிடும்!"

அவன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"புதுசா ஒரு செடிக்குப் பேர் வைக்கணும்னா, இதுதான் அதுன்னு ஒரே ஒரு தாளைக் காட்டணும்" என்றார் காப்பாளர். "மூலத்தாள்னு சொல்லுவோம். ஒரே இடத்துல, ஒரே நாள்ல பறிச்சதா இருக்கணும். பேர் இருக்கிற வரைக்கும் இந்தத் தாளும் இருக்கணும்."

"பிறப்புச் சான்றிதழ்" என்றான் மைத்துனன்.

"அப்படித்தான். இப்ப ரெண்டு பேர் வந்து, குழந்தை என்னுதுன்னு நிக்கிறாங்க."

விஷயம் இதுதான். இங்கே பதினோரு வருடமாக வேலை செய்யும் ஆராய்ச்சிக்காரி ஒருத்தி. பூசணி, பாகல், கோவைக் குடும்பத்துக் கொடிகளைத் தேடிக் காடு காடாக அலைகிறவள். கொடிக்காரி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவள் கண்டுபிடித்த புதுக் கொடியைப் பற்றிய கட்டுரை இன்று மாலை ஐந்து மணிக்கு அச்சுக்குப் போகிறது. காலையில் பேராசிரியர் ஒருவர் தன் குறிப்பேட்டோடு வந்து, அந்தக் கொடியைத் தான் மூன்று வருடத்துக்கு முன்பே பறித்ததாகவும், தான் சேர்த்து வைத்த செடிகளிலிருந்து அவள் அதைத் திருடிச் சீட்டை மாற்றிவிட்டதாகவும் புகார் செய்திருக்கிறார். தாள் யாருடையது என்று ஐந்து மணிக்குள் காப்பாளர் பத்திரிகை ஆசிரியருக்குச் சொல்லியாக வேண்டும்.

"திரும்பப் போய்ப் பறிச்சுட்டு வந்தா ஆச்சு" என்றான் மைத்துனன்.

"எங்க போய்ப் பறிக்கிறது? அந்தச் சரிவையே வெட்டி ரோடு போட்டாச்சு. எங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும் இந்தக் கொடி இனிமே இந்தத் தாள்லதான் இருக்கு. தாள் மேல சந்தேகம் விழுந்தா, பேர் இல்லாமலே போயிடும்."

அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. மைத்துனனுக்கும் அந்தக் காய்ந்த கொடியின்மேல் முதன்முறையாக இரக்கம் வந்தது. காய்கறிகளிலேயே கோவைக்காய்தான் அவனுக்கு ஆகவே ஆகாது, ஆனாலும் வந்தது.

"இது என்ன ஜாதி சார்?"

"கோவைக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சின்னு வெச்சுக்கங்க. பூசணின்னா ஒரே கொடியில ஆண் பூவும் பெண் பூவும் வரும். இதுல ஆண் கொடி வேற, பெண் கொடி வேற. காய் பெண் கொடியிலதான்."

"எங்க வீடு மாதிரி. அத்தான் பூப்பாரு, அக்காதான் காய்ப்பா."

அத்தான் காதில் வாங்கவில்லை. "பேராசிரியர் ஆள் எப்படி?"

காப்பாளர் சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டார். "பெரிய மனுஷர். நாற்பத்தொன்பது செடிக்குப் பேர் வெச்சவர். பசங்க அவரை முதுகுக்குப் பின்னால நாற்பத்தொன்பதுன்னே கூப்பிடுவாங்க. அடுத்த வாரம் ஓய்வு."

"நாற்பத்தொன்பதுல ஒண்ணாவது அவர் பேர்ல இருக்கா?"

"தன் பேரைத் தானே வைக்கிறது எங்க ஆளுங்ககிட்ட மரபு இல்ல சார். அடுத்தவங்க வெச்சாத்தான் உண்டு. அவருக்கு இதுவரைக்கும் யாரும் வைக்கல."

வருகைப் பதிவேட்டைப் புரட்டினார்கள். போன மாதம் பேராசிரியர் இந்த அலமாரிக்கு முன்னால் நாற்பது நிமிடம் தனியாக உட்கார்ந்திருக்கிறார். சாவி எடுத்துக் கொடுத்தவர் காப்பாளர். மைத்துனன் காப்பாளரையும் ஒரு பார்வை பார்த்து வைத்தான். சாவி வைத்திருக்கிறவனை முதலில் சந்தேகப்படு என்பது அத்தான் கொடுத்த பாடம். இரண்டாவது பாடம், மிச்ச எல்லோரையும் சந்தேகப்படு.

பேராசிரியர் வாசிப்பறையில் நேராக உட்கார்ந்திருந்தார். இஸ்திரி கலையாத சட்டை. குறிப்பேட்டை அவரே பிரித்து நீட்டினார்.

"படிச்சுப் பாருங்க. தேதி, இடம், எல்லாம் இருக்கு. அவ என்கிட்ட படிச்சவ. எங்க எது இருக்கும்னு அவளுக்குத் தெரியும்."

எழுத்து இருந்தால் மைத்துனன் கண் சும்மா இருக்காது. பென்சில் குறிப்பை வாய்விட்டுப் படித்தான். "ஈரமான சரிவு. ஒரே கொடியில் பறித்தது. ஆண் பூங்கொத்து, முதிர்ந்த காய். இதுவரை பெயரிடப்படாதது."

"மூணு வருஷமா ஏன் சார் பேர் வைக்கல?" என்றார் அத்தான்.

"நல்ல வேலைக்கு அவசரம் கூடாது."

"இப்ப மட்டும் என்ன அவசரம்?"

பேராசிரியர் வாசல் தட்டில் இருக்கும் தன் பேனாவை நினைத்தவர்போல் சட்டைப் பையைத் தடவிக்கொண்டார்.

கொடிக்காரி தாழ்வாரத்து பெஞ்சில் இருந்தாள். முழங்கை வரை முள் கிழித்த தழும்புகள். மடியில் ஒரு துணிப்பை, அதன் வாயை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். போன வருடம் ஏழாம் மாதம் பன்னிரண்டாம் தேதி பறித்ததாகச் சொன்னாள். சீட்டிலும் அதே தேதிதான் இருந்தது.

"உங்க குறிப்பேட்டைப் பார்க்கலாமா?"

"ஆத்துல விழுந்துடுச்சு."

"எப்ப?"

"அது... திரும்பி வரும்போது."

"எந்தத் தடவை திரும்பி வரும்போது?"

அவள் முகம் சட்டென்று வெளுத்தது. "ஒரு தடவைதான் போனேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். பையையும் எடுத்துக்கொண்டு போனாள்.

"அத்தான், இந்தம்மா எதையோ பூசி மெழுகுது."

"தெரியுது."

"அவர் முகமும் சரியில்ல."

"அதுவும் தெரியுது."

"பின்ன யாரு திருடன்?"

"அதுதான் தெரியல. வா, தாளையே கேட்போம்."

மணி மூன்றே முக்கால். காப்பாளர் மறுபடி சிவப்பு உறையைத் திறந்தார். அத்தான் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு தாளின் மேல் குனிந்தார். சீட்டை யாரோ மாற்றியதற்கான பசைத் தடம் எதுவும் இல்லை. புதுத் தாள், புதுப் பசை, அவ்வளவுதான். தாள் வாயைத் திறக்க மறுத்தது.

"அந்தப் பொட்டலத்துல என்ன?"

"விதை. காயை நறுக்கும்போது கொட்டினதை அதிலேயே மடிச்சு வைப்போம்." காப்பாளர் இடுக்கியால் மடிப்பைப் பிரித்தார். ஆறேழு விதைகள். மூன்று தனியாக உருண்டன. மற்றவை காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தன.

"ஏன் ஒட்டியிருக்கு?"

"சதையோட இருக்கும்போதே மடிச்சிருக்காங்க சார். காட்டிலேயே, பறிச்ச கையோட. காய்ஞ்ச விதைன்னா ஒட்டாது."

அவர்கள் இருவரும் விதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைத்துனன் வழக்கம்போல் பொட்டலத்தைப் படித்துக்கொண்டிருந்தான். செய்தித்தாளில் கிழித்த துண்டு அது.

"முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் நாளை முழு சூரிய கிரகணம்" என்று உரக்க வாசித்தான். "வெறும் கண்ணால் பார்ப்பதைத் தவிர்க்குமாறு..." அதோடு கிழிந்திருந்தது. "அட, இது நம்ம கிரகணம் அத்தான்!"

"நம்ம கிரகணமா?"

"உங்க முழங்கால் எக்ஸ்ரேயை எடுத்துட்டுப் போய் மொட்டை மாடியில சூரியனைப் பார்த்தேனே, அது."

அத்தான் மெதுவாக நிமிர்ந்தார். "டாக்டர்கிட்ட நான் எக்ஸ்ரே இல்லாம போய் நின்னேனே, அதுக்குக் காரணம் நீதானா?"

"அது வேற கேஸ் அத்தான். இப்ப தேதிதானே வேணும்?" அவசரமாக அக்காவுக்குப் போன் போட்டான். அக்கா யோசிக்கவே இல்லை. போன வருடம், ஒன்பதாம் மாதம், இருபத்தோராம் தேதி. முழங்கால் வலியோடு உன் அத்தான் வீட்டையே தலைகீழாகப் புரட்டிய நாளை மறப்பேனா என்று கேட்டாள்.

மைத்துனன் மேசையில் ஒரு தட்டுத் தட்டினான். "மாட்டினார் நாற்பத்தொன்பது! மூணு வருஷத்துக்கு முன்னால பறிச்ச காயை, போன வருஷத்துப் பேப்பர்ல எப்படி மடிச்சார்?"

"பழைய பேப்பர்ல புதுக் காயை மடிக்கலாம்" என்றார் அத்தான். "நாளைக்கு வரப்போற பேப்பர்ல இன்னைக்குக் காயை மடிக்க முடியாது. சரிதான். ஆனா சந்தோஷப்படாதே. அந்தம்மா சீட்டுல என்ன தேதி?"

மைத்துனன் சீட்டைப் பார்த்தான். ஏழாம் மாதம் பன்னிரண்டு. கிரகணம் ஒன்பதாம் மாதம். விரல்விட்டு எண்ணினான், இரண்டாவது தடவையும் எண்ணினான். அவன் வாய் தானாக மூடிக்கொண்டது.

"ரெண்டு பேரும் பொய்" என்றார் அத்தான்.

காப்பாளர் பக்கத்திலிருந்த முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

கொடிக்காரியை உள்ளே கூப்பிட்டார்கள். அத்தான் பொட்டலத்தைக் காட்டி, கிரகணத்தைச் சொன்னார். அதட்டவில்லை. "பையில இருக்கிற குறிப்பேட்டை ஆத்துல இருந்து எடுத்துடுங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

அவள் பைக்குள் கைவிட்டு, ஓரம் நைந்த குறிப்பேட்டை எடுத்து மேசையில் வைத்தாள். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்ட அடையாளம்கூட இல்லை.

"ஏழாம் மாசம் போனப்ப ஆண் கொடி மட்டும்தான் கிடைச்சது. காய் இல்லாம கட்டுரை எழுத மனசு வரல. ஒன்பதாம் மாசம் திரும்பப் போனேன். எதிர்ப் பாறையில ஒரே ஒரு பெண் கொடி. ஒரே ஒரு காய். அடுத்த வாரம் ரோட்டு மிஷின் வந்துடுச்சு. ரெண்டையும் ஒரே தாள்ல, பழைய தேதியிலேயே ஒட்டிட்டேன். பூவும் காயும் ஒண்ணா இருந்தா யாரும் கேள்வி கேட்க மாட்டாங்கன்னு நினைச்சேன். தப்புன்னு தெரிஞ்சேதான் செஞ்சேன் சார்."

"மூலத்தாள்ல ரெண்டு நாள் சரக்கா!" காப்பாளர் தலையில் கைவைத்தார். "நாளைக்கு எவனாவது கண்டுபிடிச்சா, பேரே செல்லாதுன்னு எழுதுவானே!"

"அதனாலதான் காலையில அவர் திட்டினப்பகூட என்னால வாயைத் திறக்க முடியல."

மைத்துனனுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. வரவேண்டும் என்று பார்த்தான், வரவில்லை. பதினோரு வருடம் தேடியவள் ஒரே ஒரு காய்க்காகத் தடுக்கி விழுந்திருக்கிறாள். ஆனால் மணி நாலேகால். திருடன் யார் என்பதற்கு இன்னும் பதில் இல்லை. பேராசிரியர் வந்து, 'பொட்டலத்தை அவள்தான் பிறகு ஒட்டினாள், கொடி என்னுடையது' என்று ஒரே போடாகப் போட்டால் எல்லாம் போச்சு.

"மாப்ளே, அவர் குறிப்பை இன்னொரு தரம் சொல்லு."

படித்தது எதுவும் அவனுக்கு மறக்காது. "ஈரமான சரிவு. ஒரே கொடியில் பறித்தது. ஆண் பூங்கொத்து, முதிர்ந்த..." பாதியில் நிறுத்தினான். அத்தானைப் பார்த்தான். காப்பாளரைப் பார்த்தான். "சார்... காய் பெண் கொடியிலதான்னு நீங்கதானே சொன்னீங்க?"

காப்பாளர் முக்காலியிலிருந்து எழுந்தார்.

பேராசிரியரைக் காப்பாளரின் அறைக்கு வரவழைத்தார்கள். அத்தான் அவருக்கு நாற்காலி போட்டு, மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"சார், நல்லா ஞாபகம் இருக்கா? ஒரே கொடிதானா? பக்கத்துல இருந்த வேற கொடியில இருந்து ஏதாவது..."

"ஒரே கொடி" என்றார் பேராசிரியர் வெடுக்கென்று. "மூலத்தாள்ல கலப்படம் பண்ணுற ஆள் இல்ல நான். என் கையால பறிச்சேன்."

"பூவையும் காயையும்?"

"ரெண்டையும்தான்."

"கோவை இனத்து ஆண் கொடி, உங்களுக்கு மட்டும் காய்ச்சிருக்கு சார்."

பேராசிரியர் எதிரே மேசையில் கிடந்த தன் குறிப்பேட்டைப் பார்த்தார். அவர் உதடுகள் அந்த வரியைத் தமக்குள் படித்தன. இந்தப் பாடத்தை முதல் வருடத்துப் பிள்ளைகளுக்கு ஆயிரம் தடவை நடத்தியவர் அவர்.

"காட்டுல நின்னு கொடியைப் பார்த்து எழுதியிருந்தா உங்க கண்ணே தடுத்திருக்கும்" என்றார் அத்தான். "நீங்க இங்க உட்கார்ந்து தாளைப் பார்த்து எழுதினீங்க. தாள்ல ரெண்டும் ஒட்டியிருந்தது. கேள்வி வரக்கூடாதுன்னு ஒரே கொடின்னு நீங்களா ஒரு வரி சேர்த்தீங்க. இந்தம்மா சீட்டுல அந்த வரி கிடையாது. அவங்க செஞ்ச தப்பை, அது தப்புன்னு தெரியாமலே காப்பியடிச்சிருக்கீங்க."

"பொட்டலத்துல கிரகணமும் இருக்கு சார்" என்று மைத்துனன் சேர்த்துக்கொண்டான்.

பேராசிரியர் குறிப்பேட்டை மூடி வைத்தார். "ஐம்பதுன்னு முடிச்சுடலாம்னு நினைச்சேன்" என்றார். "நாற்பத்தொன்பதுன்னு அந்தப் பசங்க கூப்பிடறது என் காதுல விழாதுன்னு நினைச்சீங்களா?"

கடிகாரம் நாலே முக்காலைக் காட்டியது.

அதுவரை சுவரோரம் நின்றிருந்த கொடிக்காரி, பையிலிருந்து கட்டுரையின் அச்சுப் படியை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "சார், அச்சுப் படியில நாலு வரி திருத்தணும்" என்றாள் காப்பாளரிடம். "மூலத்தாள் ஆண் கொடி மட்டும். காய் வேற நாள், வேற கொடி. அதைத் தனித் தாள்ல ஒட்டி, அதோட சொந்தத் தேதியைப் போடுங்க. நான் ஒண்ணா ஒட்டினேன்கிறதையும் உங்க பதிவேட்டுல எழுதிடுங்க."

"எழுதினா அது என்னைக்கும் அழியாதும்மா."

"அழிய வேண்டாம் சார்."

காப்பாளர் மேசைமேல் பேனா தேடினார். அந்த அறையிலும் பென்சில்தான் கிடந்தது. அச்சுப் படியை மையில்தான் திருத்த வேண்டும். மைத்துனன் ஓடிப்போய் வாசல் தட்டிலிருந்து கைக்கு முதலில் அகப்பட்டதை எடுத்து வந்தான். கறுப்பு உடம்பு, வெள்ளி மூடி. கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் அது யாருடையது என்று உறைத்தது. பேராசிரியர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவள் நாலு வரியையும் திருத்தினாள். பிறகு படியை மேசையின் எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

"தலைப்பையும் ஒரு தரம் பார்த்துடுங்க சார். பேர் வெளியில வரவேண்டாம்னு சீட்டுல காலியா விட்டிருந்தேன். நீங்க ஓய்வு பெறுற அன்னைக்கு உங்க கையில கொடுக்கலாம்னு இருந்தேன்."

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியை மாட்டினார். தலைப்பில், செடிப் பெயர்களுக்குப் போடும் லத்தீன் வாலோடு, அவர் பெயர் இருந்தது. அந்தக் கொடிக்கு அவள் வைத்த பெயர் அதுதான். நாற்பத்தொன்பது செடிகளுக்குப் பெயர் வைத்தவர், தன் பெயர் அச்சில் ஒரு செடியின் பெயராக நிற்பதை அப்போதுதான் பார்த்தார். ஒரு விரலை அதன்மேல் வைத்தார்.

"விரலை எடுங்க சார்" என்றாள் அவள்.

அவர் எடுத்தார். அவள் அந்தப் பெயரின் குறுக்கே ஒரு கோடு போட்டாள். கோடு நேராக விழவில்லை.

"அப்ப இதுக்குப் பேரு?" மைத்துனனுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அந்தச் சரிவுக்கு அங்க இருந்தவங்க கூப்பிட்ட பேரு ஒண்ணு உண்டு. சரிவுதான் இல்ல, பேராவது இருக்கட்டும்." மேலே எழுதி, பேனாவை மூடி, மேசையில் வைத்தாள்.

காப்பாளர் பத்திரிகை ஆசிரியருக்குப் போன் போட்டார். தாள் ஆராய்ச்சிக்காரியுடையதுதான் என்றும், நாலு வரியும் பெயரும் திருத்தத்தோடு வருகின்றன என்றும் சொன்னார். பேராசிரியர் எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார். "சார், உங்க பேனா" என்று மைத்துனன் கூப்பிட்டான். அவர் திரும்பவில்லை.

அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிளம்பினார். "வா மாப்ளே. வழியில அந்த எக்ஸ்ரே கேஸைப் பேசுவோம்."

மைத்துனன் உடனே நகரவில்லை. எதையும் படிக்காமல் விட அவனால் முடியாதே. அச்சுப் படியின் மேல் குனிந்தான். மை இன்னும் காயவில்லை. கோட்டுக்கு அடியில் பேராசிரியரின் பெயரை எழுத்து எழுத்தாகப் படிக்க முடிந்தது.